உன் தலைவரைப் பொழுதோடு வரச் சொல்

நேற்று நீ போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அது உன்னைப் புண்படுத்திவிட்டது என்று தெரிகிறது. "தலைவர் நம்ம வீட்ல சாப்பிடப் போறாரும்மா, செஞ்சியில எத்தனையோ வீடு இருக்கறப்ப நம்ம வீடு, நான்தான் பேசி முடிச்சேன்" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தாய். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "மத்தியானம் ஒரு மணி. லேட்டானா ரெண்டு. அதுக்கு மேல போவாது" என்றாய். அங்கேதான் சிரித்தேன். "இன்னாத்துக்கு சிரிக்கிற?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன். பிறகு என்னென்ன சமைக்க வேண்டும் என்று சொன்னாய், ஹாலில் இருக்கும் சோபாவை எடுத்துவிட வேண்டும் என்றாய், தாத்தாவின் படம் கேமராவில் விழும்படி இருக்க வேண்டும் என்றாய். கடைசியாக, "சரின்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, நான் அவங்களுக்குச் சொல்லணும்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன். பதில் ஒரு வார்த்தையில் அடங்கவில்லை.

உனக்கு இது எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த விருந்து நல்லபடியாக நடந்தால் இளைஞர் அணியில் பொறுப்பு கிடைக்கும் என்றும், கிடைத்தால் சென்னை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கப் போவதாகவும் உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அவர் விளைச்சலை ஏலம் விடும் மார்க்கெட் கமிட்டியில் கடலை மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு என்னிடம் போன் செய்து சொன்னார். சந்தோஷமாகச் சொன்னாரா பயந்துபோய்ச் சொன்னாரா என்று அந்தச் சத்தத்தில் எனக்குப் புரியவில்லை. நான் யாரிடமும் அதிகம் பேசாதவள். நூலகத்திலிருந்து எடுத்து வரும் புத்தகமும் என் அடுப்படியும் போதும் என்று இருப்பவள். அப்படிப்பட்டவள் இதை ஏன் அச்சுக்குக் கொடுக்கிறாள் என்று நீ கேட்பாய். உன் பேரையும் கட்சி, தலைவர் பேர்களையும் எடுத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் பாதி படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாய். மற்றவர்களும் படிக்கிறார்கள் என்றால் நீயும் கடைசி வரை படிப்பாய். தவிரவும், நம் வீட்டைப் போலக் காலம் காலமாக ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டு வந்த வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

ஹாலில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் அந்நாளைய தலைவர், கையில் ஒரு பிடி சோறு, முகத்தில் சிரிப்பு. பக்கத்தில் என் நைனா, உன் தாத்தா. அவர் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. கண் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூட நண்பர்களைக் கூட்டிவந்து இதைக் காட்டுவாய். இப்போதும் இந்தப் படத்தைத்தான் போனில் எடுத்துக் கட்சி அலுவலகத்துக்கு அனுப்பி, எங்கள் குடும்பம் அன்றே தலைவருக்கு விருந்து வைத்த குடும்பம் என்று எழுதி, இந்த வாய்ப்பை வாங்கியிருக்கிறாய். அடுத்த முறை வரும்போது ஒரு காரியம் செய். அவர்கள் இருவருக்கும் பின்னால் இருக்கும் ஜன்னலைப் பார். ஜன்னலுக்கு வெளியே கறுப்பாக இருக்கும். இத்தனை வருடத்தில் நீ அதைக் கவனித்ததில்லை. கவனிக்கும்படி நானும் சொன்னதில்லை.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நாம் இந்தப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள். ஊரில் நயினார் வீடு என்பார்கள். பொழுது இறங்கிய பிறகு வாயில் ஒன்றும் போடாத குடும்பங்கள் நம்மில் இன்னும் சில உண்டு. இருட்டில் விளக்கைத் தேடி வரும் சின்ன உயிர் எதுவும் நம் சோற்றில் விழுந்து சாகக் கூடாது என்பதுதான் அதன் காரணம். நைனா இதில் மிகவும் கறார். அதிலும் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. நமக்கு மேற்கே ராஜகிரி மலை நிற்பதால் இங்கே பொழுது கொஞ்சம் முன்னாலேயே மறைந்துவிடும். திண்டிவனத்துச் சித்தப்பா வீட்டு மாடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் கை கழுவியிருப்போம். "காலண்டர்ல இன்னும் நேரம் இருக்குதுண்ணா" என்று சித்தப்பா ஒருமுறை சொன்னபோது, "காலண்டர் அச்சடிச்சவன் நம்ம ஊர் மலையப் பாத்தானா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார். மலை மறைத்ததும் அடுப்பு அணைய வேண்டும். மிச்ச நேரம் நமக்குச் சேர்ந்ததில்லை என்பது அவர் பேச்சு.

இப்படிப்பட்ட மனிதர் கட்சியைத் தேர்ந்தெடுத்ததும் இதே காரணத்துக்காகத்தான். பெரியவர் சின்னவர் மரியாதை, குடிக்காத வீடு, கடன் வாங்காத கை, கோயில் குளத்தையும் ஏரியையும் கை வைக்காமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது, இவற்றையெல்லாம் மேடையில் பேசிய கட்சி அது ஒன்றுதான் என்று நம்பினார். "எல்லாத்தையும் மாத்தறேன் மாத்தறேன்னு வர்றவன் கையில கொடுத்தா, மாத்தக் கூடாததையும் சேத்து மாத்திடுவான்" என்பார். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. சொல்லப்போனால் இன்றும் பிடித்திருக்கிறது. இருப்பதைக் காப்பாற்றுவது புதிதாகக் கட்டுவதைவிடக் கஷ்டமான வேலை என்று நான் இன்றும் நம்புகிறேன். என் மனத்தாங்கல் அந்த நம்பிக்கை மேல் இல்லை.

அந்த வருடம் எனக்குப் பத்தொன்பது வயது. தலைப் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு, இப்போது நாம் இருக்கும் இதே வீட்டுக்கு, வந்திருந்தேன். நீ ஏழு மாதக் குழந்தையாக என் வயிற்றில் இருந்தாய். தேர்தல் நேரம். கட்சியின் மாவட்ட ஆள் ஒருவர் வந்து, தலைவர் செஞ்சிக்கு வரும் அன்று நயினார் வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்று முடிவாகியிருக்கிறது, சுத்த சைவம், சுத்தமான வீடு, படம் நன்றாக வரும் என்றார். நைனா அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. என் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பொழுதோட வந்துடுவாருங்களா?" நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மத்தியானம்னா மத்தியானந்தான். அவரு இன்னா சினிமாக்காரரா? கட்டுப்பாடான மனுசன். அதுக்குத்தானே நாம ஓட்டு போடறோம்."

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தலைவருக்குத் தரையில் உட்கார முடியாது என்று கல்யாண மண்டபத்திலிருந்து மேசையும் நாற்காலியும் வந்தன. அன்று காலையிலிருந்து அம்மா கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், பால் பாயசம் என்று சமைத்து முடித்தபோது உச்சிப்பொழுது. தெரு முழுவதும் கொடி. ஒலிபெருக்கியில் ஒருவர் "இன்னும் சற்று நேரத்தில்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நைனா காலையில் குடித்த கஞ்சியோடு வாசலில் நின்றார். ஒரு மணி போயிற்று, மூன்று மணி போயிற்று. குழம்பைத் திரும்பச் சூடாக்கினோம். "நீங்களாவது ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று அம்மா கூப்பிட்டதற்கு, "வர்றவரு பசியோட வர்றப்போ நான் ஏப்பம் விட்டுனு நிக்கணுமா?" என்றார். நாலரை மணிக்கு மறுபடியும் கூப்பிட்டார். அவர் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி வாசலில் நின்றார்.

பொழுது மலை முகட்டைத் தொடப் போகும்போது அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனார். தலைவருக்கென்று மூடி வைத்திருந்த பாத்திரங்களைத் திறந்து எல்லாவற்றிலும் எடுத்து எனக்கு முதலில் போட்டார். நான் தயங்கினேன். "சாப்பிடுடி. உன் வயித்துல இருக்கறது எந்தக் கட்சின்னு இன்னும் தெரியாது. அது எதுக்குக் காத்துனு கெடக்கணும்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. நான் கை கழுவி வெளியே வந்தபோது ராஜகிரியின் நிழல் நம் கிணற்றைத் தாண்டி வீட்டுச் சுவரில் ஏறியிருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டார். அம்மாவும் அன்று சாப்பிடவில்லை. எனக்குப் போடும் அவசரத்தில் அவருக்கு நேரம் போய்விட்டது.

அப்போதுதான் கன்னியப்பன் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். உனக்கு அவரை நன்றாகத் தெரியும். பக்கத்து ஊரான சிங்கவரத்தில் நெல்லும் கடலையும் பயிர் வைத்தவர், நைனாவின் சிநேகிதர், எதிர்க்கட்சிக்காரர். கொடிகளைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனாரே, உங்க ஆளு வழி மறந்துட்டாரா? பொழுது மலைக்குப் போயிடுச்சே" என்றார். நைனா சொன்ன பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "மலைக்குத்தான் போயிருக்குது. காலண்டர்ல இன்னும் கால் மணி இருக்குது."

கன்னியப்பன் மாமா வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா இருக்குது. பொறந்ததுலேர்ந்து மலையப் பாத்தீங்க. இன்னிக்குக் காலண்டரா? எங்க ஆளு வந்தாருன்னா எனக்கும் ஒரு காலண்டர் குடுங்க." நைனாவும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மகனே, நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். ஒரு மனிதர் தன் கணக்கை மாற்றிக்கொண்டார், அது எவருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. கால் மணி நேரம்தானே. காலண்டரிலும் அச்சடித்துத்தானே இருக்கிறது. அந்தக் கால் மணியும் போன பிறகு கன்னியப்பன் மாமா சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். கிண்டல் செய்யக்கூட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

தலைவர் வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தொண்டை கட்டிப்போயிருந்தது, கண் சிவந்திருந்தது, என் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். காத்திருக்க வைத்துவிட்டேன் என்று மன்னிப்புக்கூடக் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா அணைத்த அடுப்பை மறுபடி பற்ற வைக்கவில்லை. ஆறிய சோறும் ஆறிய குழம்பும்தான் இலையில் விழுந்தன. போட்டோ எடுக்க வந்தவன், வீட்டுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் படம் நன்றாக இருக்கும் என்றான். மாவட்ட ஆள் நைனாவின் தோளில் கை வைத்து, "உக்காருங்க ஐயா, இந்தச் சான்ஸு யாருக்குக் கெடைக்கும்?" என்றார். நைனா, "இல்லைங்க, நாங்க பொழுதோட..." என்று இழுத்தார். அப்போது தலைவரே சொன்னார்: "வழக்கம்னா விடுங்கப்பா. பெரியவரைக் கட்டாயப்படுத்தாதீங்க."

அதற்குப் பிறகுதான் நைனா உட்கார்ந்தார். அவரை ஒருவரும் இழுத்து உட்கார வைக்கவில்லை. தலைவர் அவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னதும் இவருக்கு மனம் இளகிவிட்டது. இப்படிப்பட்டவருக்காக ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். அம்மா இலை போட்டார். பரிமாறும்போது நைனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தலைவர் ஒரு பிடி சோற்றை எடுத்து உயர்த்தினார். ஃபிளாஷ் அடித்தது. நம் ஹாலில் இருப்பது அந்த ஒரு கணம்தான். பிறகு அவர் அந்தப் பிடியை இலையிலேயே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "மன்னிச்சிடுங்கம்மா. இருட்டினப்புறம் சோறு தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரொம்பக் கண்டிப்பு" என்றார். கொஞ்சம் மோர் மட்டும் குடித்தார். கை கழுவினார். கூட்டம் அவரோடு வெளியே போய்விட்டது.

என் நைனாவின் முன்னால் முழு இலை இருந்தது. இலையில் விழுந்த சோற்றைக் குப்பையில் போடுவதும் நம் வீட்டில் கிடையாது. கல்யாண மண்டபத்து மேசையில், டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சி பறக்க, அவர் தனியாக உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்தையும் எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, பிறகு வாயில் போட்டார். வெளியே வேன் மேல் நின்று தலைவர் பேசுவது எங்களுக்குக் கேட்டது. கட்டுப்பாடு, பண்பாடு என்று பேசினார். கல் குவாரிக்காக வெடி வைத்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்க் குன்றைப் பற்றியும் பேசினார். இனி அதில் ஒரு வெடிகூட வெடிக்காது என்றார். தெருவே கைதட்டியது. நைனா பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார். மறுநாள் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தார். படம் வந்ததும் அவரே ஆணி அடித்து மாட்டினார். அதன் பிறகு, இருட்டில் சாப்பிட்டவர் அந்தக் கட்சியை விட முடியாமல் போய்விட்டது என்று எனக்குத் தோன்றும். விட்டிருந்தால் அன்று சாப்பிட்டது எதற்காக என்று அவர் தனக்கே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

குன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கடலைக் கொல்லைக்குத் தெற்கே இருந்ததே, நீ சின்ன வயதில் ஏறி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட குன்று. அதன் உச்சியில் பாறையில் வெட்டிய படுக்கைகள் இருந்தன. முன்காலத்தில் நம் துறவிகள் உண்ணாமல் படுத்து உயிர்விட்ட இடம் என்பார்கள். அடிவாரத்தில் கல் குவாரி வந்தபோது நைனாவும் கன்னியப்பன் மாமாவும் சேர்ந்துதான் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்குப் படுக்கை போய்விடும் என்ற கவலை, மற்றவருக்குக் கிணறு வற்றிவிடும் என்ற கவலை. கட்சி வேறாக இருந்தாலும் காரியம் ஒன்றாக இருந்தது. தலைவர் வந்துபோன அந்தத் தேர்தலில் நைனாவின் கட்சி ஜெயித்தது. சில மாதம் வெடிச் சத்தம் நின்றது. பிறகு குத்தகைக்காரர் மாறி, லாரியில் கொடியின் நிறம் மாறி, மறுபடி ஆரம்பித்தது. கன்னியப்பன் மாமா வந்து கூப்பிட்டார். "கொஞ்சம் பொறுய்யா, நம்ம ஆளுங்கதான், பேசிப் பாக்கலாம்" என்றார் நைனா. "உங்க ஆளுங்க வெடிச்சா பஞ்சு மாதிரி வெடிக்குமா?" என்று கத்திவிட்டு மாமா தனியாகப் போய் உட்கார்ந்தார். அடுத்த தேர்தலில் அவர் கட்சி வந்தது. இப்போது நைனா கத்தினார், மாமா பொறுக்கச் சொன்னார். இப்படியே மாறி மாறி. ஒருவர் கத்தும்போது மற்றவருக்குக் காது கேட்காது. குன்று மட்டும் இரண்டு ஆட்சியிலும் ஒரே மாதிரி தேய்ந்துகொண்டு வந்தது. இன்று அங்கே பச்சைத் தண்ணீர் நிற்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. மழைக்காலத்தில் பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நானும் அதே கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டுவந்தேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் போட்டிருக்கிறேன். எதிர்ப்பக்கம் வந்தால் இன்னும் மோசமாகும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு பயம் காட்டினார்கள், நானும் பயந்தேன். நம் பக்கம் நல்லது செய்யும் என்று நினைத்துப் போட்டதைவிட, அந்தப் பக்கம் வரக் கூடாது என்று போட்டதுதான் அதிகம். நைனா கடைசியாக ஓட்டுப் போட்டபோது நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். பாதி வழியில், "யாருக்கும்மா போடறது?" என்று கேட்டார். என் வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டறியாத கேள்வி அது. நான் திடுக்கிட்டுப்போய், "உங்க இஷ்டம் நைனா" என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "நம்ம இஷ்டம்னு ஒண்ணு இருந்துதா என்ன?" என்றார். பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது. இறங்கினோம். அந்தப் பேச்சை வீட்டுக்கு வந்து தொடர்ந்திருக்கலாம். நான் தொடரவில்லை. அடுத்த பங்குனியில் அவர் போய்விட்டார். அவர் எதை நினைத்து அப்படிக் கேட்டார் என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

உன்னிடமும் அப்படி விட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நீ சென்னையில் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஒருநாளும் அதைக் குற்றமாகச் சொன்னதில்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவன் பட்டினியாகவா படுப்பான்? அது நீயாக யோசித்து எடுத்த முடிவு. என் வருத்தம் வேறு. உங்கள் கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் நீ எழுதுவதையெல்லாம் உன் அத்தை எனக்குக் காட்டுகிறாள். போன மாதம் அந்தப் பக்கத்து அம்மையார் ஒருவரைப் பற்றி ஒரு சொல் எழுதியிருந்தாய். அந்தச் சொல்லை நம் வீட்டில் முரட்டு மாட்டைப் பார்த்துக்கூடச் சொன்னதில்லை. பெண்களுக்கு மரியாதை, நம் பண்பாடு என்று அதற்கு முந்தின நாள் எழுதியதும் நீதான். போனில் கேட்டபோது, "அவங்க எங்க தலைவரைப் பேசினதைவிடவா?" என்றாய். கன்னியப்பன் மாமாவின் பேரன் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன், போன பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் எதிரெதிராக நின்றும் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். தாத்தாக்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டாலும், கத்தி முடித்ததும் ஒரே கடையில் டீ குடித்தவர்கள்.

காப்பாற்றுகிறோம் என்று சொல்லி நம்மிடம் ஓட்டுக் கேட்கிறார்கள். நாம் அவர்களுக்காக நம்முடையதை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கிறோம். முதலில் மலையை விட்டுக் காலண்டருக்கு வருகிறோம். பிறகு காலண்டரையும் விட்டுவிடுகிறோம். எதிர்க்கட்சிக்காரன் செய்தால் மலைக் கணக்கு, நம் ஆள் செய்தால் காலண்டர் கணக்கு. இந்த நோய் அந்தப் பக்கத்திலும் இருக்கிறது, எனக்குத் தெரியும். அதனால்தான் நான் அந்தப் பக்கமும் போகவில்லை. போவதற்கு இடமில்லாமல் நிற்கிறேன். வரும் தேர்தலில் யாருக்குப் போடுவேன் என்று எனக்கே தெரியாது. உனக்கு அரசியல் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வேலையை விடாதே என்றுகூடச் சொல்ல மாட்டேன், அதை உன் அப்பா சொல்லட்டும். நம்ம ஆளு என்று மனம் இளகும்போது நீ எதைப் பார்த்து மணி சொல்கிறாய் என்று மட்டும் கவனித்துக்கொள்.

இனி என் பதில். உன் தலைவர் வரட்டும். சமைக்கிறேன். அம்மா அன்று சமைத்த அதே குழம்பு, அதே பொரியல், அதே பாயசம். சோபாவை எடுத்துவிடு, கொடி கட்டிக்கொள். ஒரு மணிக்கு வந்தால் சூடாகப் பரிமாறுவேன். நாலு மணிக்கு வந்தாலும் முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் ராஜகிரி மறைத்ததும் என் அடுப்பு அணைந்துவிடும். காலண்டரை நீ கொண்டுவர வேண்டாம். அதற்குப் பிறகு அவர் வந்தால் நாற்காலி உண்டு, வடிகட்டிய தண்ணீர் உண்டு, மரியாதையான ஒரு கும்பிடு உண்டு. இலை கிடையாது. போட்டோவுக்காகவும் கிடையாது. இதை உன் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. இப்படிப்பட்ட வீடு வேண்டாம் என்று அவர்கள் வேறு வீடு பார்த்தால் எனக்கு வருத்தமில்லை. உனக்கு இருக்கும். அதற்காக நான் வருந்துவேன்.

வருவதாகவே இருந்தால், அன்று நீ காலையிலிருந்து வாசலில்தான் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். உன் தாத்தாவின் பிடிவாதம் உனக்கு இருக்கிறது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இன்னும் பத்து நிமிசம், வந்துட்டாரு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பாய். பொழுது மலை முகட்டைத் தொடப் போகும் நேரத்தில் நான் அடுப்படியில் உனக்கு ஓர் இலை போட்டுவிட்டு உன்னைக் கூப்பிடுவேன். அன்று என் அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நீ வளர்ந்த பிள்ளை, உன்னை இழுக்க முடியாது. கூப்பிடத்தான் முடியும். தெருவில் அத்தனை பேர் பார்க்க, வாசலை விட்டு நீ உள்ளே வருவாயா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும்.